பையும் பற்றும்

இரண்டு கைகளுக்கு அடங்காத பொருளை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்த நாளில் பை பிறந்தது. தோல், நார், ஓலை, துணி என்று பை செய்ய உதவியவை எல்லாம் மட்கிப்போகிற பொருள்கள். அதனால் மிகப் பழைய பைகளில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சிய ஒன்று பனியின் தயவால் தப்பியது. 1991-இல் ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரியாவும் இத்தாலியும் தொடும் இடத்தில், பனிக்கட்டிக்குள் ஓர் ஆணின் உடல் கிடைத்தது. பின்னால் ஓட்ஸி என்று பெயர் பெற்ற அந்த மனிதன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவன். அவனுடைய இடுப்பு வாரோடு சேர்த்துத் தைத்த சிறு தோல்பை ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு கல் சுரண்டி, துளை போடும் கல், ஒரு கல் செதில், எலும்பில் செய்த குத்தூசி, தீப்பொறியைப் பிடித்துக்கொள்ளும் உலர்ந்த காளான்.

அந்த ஐந்தில் ஒன்றுகூட அவன் நின்ற அந்தக் கணத்துக்கானது இல்லை. காளான் அடுத்து மூட்டவேண்டிய தீக்காக, குத்தூசி அடுத்துக் கிழியப்போகும் தோலுக்காக. இன்னும் வராத வேளைக்கு இப்போதே செய்துகொள்ளும் ஏற்பாடுதான் பை. இத்தனை சிறிய பொருளைச் சமயங்களும் தத்துவங்களும் விடாமல் பேசிவந்ததற்குக் காரணம் இதுவே. நாளைக்கென்று எடுத்துவைக்கிற கை எதை நம்பி எடுத்துவைக்கிறது? எடுத்துவைத்தது எப்போது தேவையாக இருந்து எப்போது பற்றாக மாறுகிறது? எவ்வளவு சுமக்கிறவரைத் துறவி என்று சொல்லலாம்?

தமிழில் பைக்கு முன்பே மடி இருந்தது. வேட்டியின் இடுப்புச் சுருட்டலும் சேலையின் முந்தானை முடிச்சும்தான் பெரும்பாலோருக்குப் பணப்பை. அந்த முடிச்சை அவிழ்த்துத் திருடுகிறவனுக்கு முடிச்சவிழ்க்கி என்று பெயர். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்ற பழமொழியும் அங்கிருந்து வந்ததுதான். பயத்தைக் கள்வன் கொண்டுவரவில்லை, கனம்தான் கொண்டுவருகிறது என்பது அதன் உட்பொருள். துறவைப் பேசிய மரபுகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த இடத்தைத் தொட்டே புறப்படுகின்றன.

கைப்பையின் வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் சிலர் அசீரியச் சிற்பங்களில் தொடங்குவதுண்டு. நிம்ருத் நகரில், கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அஷூர்நாசிர்பாலின் அரண்மனைச் சுவர்களில், சிறகுள்ள காவல் தெய்வங்கள் கையில் கைப்பிடி வைத்த ஒரு பொருளைத் தொங்கவிட்டபடி நிற்கின்றன. பார்த்தால் இன்றைய பெண்களின் கைப்பையேதான். ஆனால் அது வாளி. மறுகையில் உள்ள கூம்பை அதிலுள்ள நீரில் தோய்த்துத் தெளித்துத் தூய்மை செய்வது அந்தத் தெய்வங்களின் வேலை. உருவம் ஒத்திருக்கிறது என்பதற்காக அதைப் பையாக்கிவிடக் கூடாது. வாளியில் இருப்பது தெளிப்பதற்கு, பையில் இருப்பது வைத்திருப்பதற்கு.

பையை ஒரு தத்துவத்தின் அடையாளமாகவே தோளில் போட்டுக்கொண்டவர்கள் கிரேக்கச் சினிக்குகள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சினோப்பின் தியோஜெனிஸுக்கு ஒரு மேலாடை, ஒரு தடி, பேரா எனப்பட்ட ஒரு தோள்பை, இவ்வளவுதான் உடைமை. அந்தப் பைக்குள் ஒரு கோப்பையும் இருந்தது. ஒரு சிறுவன் கையைக் குவித்துத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்ததும், எளிமையில் ஒரு குழந்தை தன்னை வென்றுவிட்டதாகச் சொல்லி அவர் கோப்பையை வீசி எறிந்ததாக, தத்துவவாதிகளின் வரலாற்றைப் பிற்காலத்தில் எழுதிய தியோஜெனிஸ் லாயர்ட்டியஸ் சொல்லிவைத்திருக்கிறார். பையை மட்டும் எறியவில்லை. அவர் வழியில் வந்த தீப்ஸ் நகரத்துக் கிராட்டிஸ் தன் செல்வத்தை விட்டுவிட்டு வந்தவர். பேரா என்ற பெயரில் ஒரு தீவு நகரத்தைக் கற்பனை செய்து அவர் கவிதை பாடினார். பூண்டும் அத்தியும் ரொட்டியும் விளையும் அந்த ஊரில், பொருளுக்காக யாரும் யாரோடும் போரிடுவதில்லை. சினிக்குக்குப் பை அவமானம் இல்லை. எந்த அரசையும் எந்தச் செல்வனையும் எதிர்பார்க்காமல் நிற்கத் தேவையான நாடு முழுவதும் அதற்குள் இருக்கிறது. பையைத் தன்னிறைவின் அடையாளமாகக் கண்ட மரபு இது. பின்னால் வந்த துறவு மரபுகள் இதே தன்னிறைவைத்தான் சந்தேகித்தன.

புத்தரின் சங்கத்தில் பிக்குவுக்குரிய பொருள்கள் எட்டு என்று எண்ணுவது வழக்கம். மூன்று ஆடை, ஒரு திருவோடு, சவரக் கத்தி, ஊசி, இடுப்புக் கச்சை, நீர் வடிகட்டும் துணி. இந்த எட்டில் பை இல்லை. ஆனால் சங்கத்தின் விதிநூலான விநய பிடகத்தைப் படித்துக்கொண்டே போனால் பைகள் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன, ஒவ்வொன்றும் ஒரு சங்கடத்தின் விளைவாக. ஒரு பிக்கு தன் செருப்பை இடுப்புக் கச்சையில் கட்டிக்கொண்டு பிச்சைக்காக ஊருக்குள் போகிறார். எதிரே வந்த உபாசகர் குனிந்து வணங்கும்போது அவர் தலை அந்தச் செருப்பில் இடிக்கிறது. பிக்குவுக்கு வெட்கமாகிவிடுகிறது. விஷயம் புத்தரிடம் போகிறது. செருப்புக்கு ஒரு பை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைக்கிறது, தோளில் மாட்டும் வாரும் சேர்த்து. மருந்துக்குப் பை, திருவோட்டுக்குப் பை என்று மற்றவையும் இப்படித்தான் வருகின்றன.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் ஒரு முழுச் சிந்தனைமுறை இருக்கிறது. பை நல்லதா கெட்டதா என்று பொதுவாக எந்த முடிவும் சொல்லப்படவில்லை. வணங்கியவரின் நெற்றியில் செருப்பு பட்டது என்பதே காரணமாகிறது. உடைமை எதற்காக, யாருடைய துன்பத்தைத் தடுப்பதற்காக என்ற கேள்விக்கு விடை இருந்தால் அது அனுமதிக்கப்படும்; விடை இல்லையென்றால் கூடாது. மிகையாகக் கிடைத்த திருவோட்டைப் பத்து நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியும், பொன்னையும் வெள்ளியையும் கையால் வாங்கக் கூடாது என்ற விதியும் இதே நூலில்தான் இருக்கின்றன.

புத்தர் மறைந்து நூறு ஆண்டு கழித்து வைசாலியில் எழுந்த பெரிய தகராறில் இதைவிடச் சிறிய ஒரு பையும் வருகிறது. விலங்கின் கொம்பைக் குடைந்து அதற்குள் உப்பு வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கிருந்த பிக்குகளுக்கு வந்துவிட்டது. பிச்சையில் கிடைக்கும் சோற்றில் உப்பு இல்லாவிட்டால் தூவிக்கொள்ளலாம் அல்லவா? உபோசதம் என்ற நோன்பு நாளில் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் நீர் நிரப்பிவைத்து, அதில் காசு போடும்படி ஊராரைக் கேட்கவும் தொடங்கியிருந்தார்கள். அங்கே வந்த யசர் என்ற தேரர் கேட்பதும் தவறு, கொடுப்பதும் தவறு என்று சொல்லிவிட்டார். தமக்கென ஒதுக்கிய பங்கையும் வாங்க மறுத்தார். இரண்டாம் சங்கம் கூடி ஆராய்ந்த பத்துக் குற்றச்சாட்டுகளில் கொம்பு உப்பும் ஒன்று. தீர்ப்பு அந்தப் பழக்கத்துக்கு எதிராகவே வந்தது.

ஒரு சிட்டிகை உப்புக்காகவா சங்கம் கூடியது என்று இன்று தோன்றலாம். உப்பின் அளவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எண்ணத்தைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். இன்று கிடைத்ததை உண்பவன் பிக்கு. நாளை கிடைக்கப்போவது சரியாக இருக்காதோ என்ற ஐயம் உள்ளே வந்ததற்குச் சாட்சி அந்தக் கொம்பு. அதை விட்டுவைத்தால் அடுத்தது எண்ணெய், அதற்கடுத்தது அரிசி, கடைசியில் களஞ்சியம். பிற்காலத்தில் பெரிய விகாரங்கள் வயலும் குளமும் உடையவையாக வளர்ந்ததை அறிந்தவர்களுக்கு யசரின் கண்டிப்பு மிகையாகத் தெரியாது.

சமணம் இன்னும் கடுமையாகப் போனது. திகம்பர முனிவருக்கு ஆடையும் இல்லை, திருவோடும் இல்லை. உயிர்களை விலக்க மயிற்பீலி, நீருக்குக் கமண்டலம், படிக்க ஏடு, இவை மட்டும். உணவைக் குவித்த இரு கைகளில் வாங்கி நின்றபடியே உண்பார். ஆடையே இல்லாத உடம்பில் மடியும் இல்லை, முடிச்சும் இல்லை. சுவேதாம்பர முனிவர்கள் மரத்தாலான பாத்திரங்களை ஜோலி என்ற துணிப்பையில் ஏந்திச் செல்கிறார்கள். இரு பிரிவுக்கும் இடையே உள்ள பழைய வாதங்களில் இதுவும் ஒன்று: ஒரு துணி இருந்தாலும் உடைமை உடைமைதானே? இரு பிரிவினரும் ஏற்கும் தத்துவார்த்த சூத்திரம் உடைமையைப் பொருளால் அளக்காமல் மனத்தின் மயக்கத்தால் அளக்கிறது. அதன்படி பார்த்தால் வெறுங்கையோடு நிற்பவனும் பெரும் பொருளாளனாக இருக்கலாம். இந்த வரையறை சுவேதாம்பரருக்கு ஆறுதல். திகம்பரரோ, மயக்கம் போய்விட்டதென்றால் துணி மட்டும் ஏன் மிஞ்சுகிறது என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவிடுவது எளிதில்லை.

பாலஸ்தீனத்தில் இயேசு தம் சீடர்களை ஊர் ஊராக அனுப்பியபோது வழிக்குப் பை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னதாக மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்று நற்செய்திகளும் பதிவு செய்கின்றன. கிரேக்க மூலத்தில் அங்கே வரும் சொல் சினிக்குகள் தோளில் போட்ட அதே பேரா. நாடோடித் தத்துவவாதி பையோடு வருவான். சீடன் பையில்லாமல் வரவேண்டும். அவனுக்குச் சோறு போடும் வீடு அவனுக்கு வேண்டும், அந்த வீட்டுக்கும் அவன் வேண்டும். பையோடு வருகிறவன் யார் வீட்டுக் கதவையும் தட்டத் தேவையில்லை. பை இல்லாதவன் தட்டியே ஆகவேண்டும்.

ஆனால் லூக்காவே இன்னொரு காட்சியையும் வைத்திருக்கிறார். கைதான அதே இரவில், அதற்குச் சற்று முன், இயேசு சீடர்களிடம் அந்தப் பழைய கட்டளையை நினைவூட்டி, அப்போது உங்களுக்கு ஏதாவது குறைந்ததா என்று கேட்கிறார். இல்லை என்கிறார்கள். இனிமேல் பணப்பை உள்ளவன் அதை எடுத்துக்கொள்ளட்டும், பையும் அப்படியே என்கிறார். யோவானின் நற்செய்தியிலோ அந்தக் குழுவுக்குப் பொதுவான பணப்பை ஒன்று இருக்கிறது. அதைச் சுமந்தவன் யூதாஸ். இந்த மூன்று இடங்களையும் ஒன்றோடொன்று பொருத்தும் வேலை அடுத்த பதின்மூன்று நூற்றாண்டுக்குக் கிறித்தவ அறிஞர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இடைக்கால ஐரோப்பாவின் புனிதப் பயணிகள் ஒரு நடுவழி கண்டார்கள். ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்துபோகிற பயணிக்குக் கையில் தடியும் தோளில் சிறு தோல்பையும் உண்டு. புறப்படும் முன் தேவாலயத்தில் குருவானவர் அந்தப் பையை ஆசீர்வதித்துத் தருவார். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த காலிக்ஸ்தினுஸ் சுவடியில் உள்ள ஒரு நீண்ட மறையுரை இந்தப் பையின் ஒவ்வொரு அம்சத்துக்கும் பொருள் சொல்கிறது. பை குறுகலாக இருப்பது, பயணி சிறிதளவே எடுத்துச்சென்று இறைவனை நம்ப வேண்டும் என்பதற்காக. செத்த விலங்கின் தோலில் செய்தது, உடலின் ஆசைகள் சாகவேண்டும் என்பதற்காக. வாயைக் கட்டும் கயிறு அதற்கு இல்லை; எப்போதும் திறந்தே இருக்கவேண்டும், இல்லாதவருக்குக் கொடுக்கவும் பிறர் கொடுப்பதை வாங்கவும். பையைப் பற்றி எழுதப்பட்ட சமய விளக்கங்களில் இதற்கு இணையானது அரிது. பை கூடாது என்று அந்த மறையுரை சொல்லவில்லை. பையின் வாயைப் பற்றித்தான் பேசுகிறது.

அசிசியின் பிரான்சிஸுக்கு இந்த நடுவழி போதவில்லை. 1208-09 வாக்கில் போர்சியுங்குலா சிற்றாலயத்தில் பை வேண்டாம் என்ற அந்த நற்செய்திப் பகுதி வாசிக்கப்படக் கேட்டதும், தடி, காலணி, பை எல்லாவற்றையும் அங்கேயே துறந்து, தோல் வாருக்குப் பதில் கயிற்றைக் கட்டிக்கொண்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. 1221-இல் எழுதிய விதியில் சகோதரர்கள் வழிக்குப் பையும் பணமும் ரொட்டியும் தடியும் எடுத்துப்போகக் கூடாது என்று வைத்தார். ஆனால் சபை வளர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் உண்ணவும் உறங்கவும் வீடுகள், புத்தகங்கள், சமையலறைகள் வேண்டியிருந்தன. 1279-இல் போப் மூன்றாம் நிக்கோலாஸ் ஒரு வழி வகுத்தார். பொருள்களின் உரிமை ரோமத் திருச்சபைக்கு, பிரான்சிஸ்கர்களுக்குப் பயன்பாடு மட்டும். கிறிஸ்துவிடம் பணப்பை இருந்ததே என்ற கேள்விக்கும் அந்த ஆணையிலேயே விடை இருக்கிறது: பலவீனர்களின் நிலைக்கு இறங்கி வந்து அவர் அதை ஏற்றார், அது முழு நிறைவின் வழி இல்லை.

போப் இருபத்திரண்டாம் ஜான் இதை ஏற்கவில்லை. 1322-இல் அவர் எழுப்பிய வாதம் சட்டவாதம் போலத் தோன்றினாலும் ஆழமான தத்துவவாதம். வீட்டில் குடியிருப்பவனையும் வீட்டின் உரிமையாளனையும் பிரித்துச் சொல்லலாம். தின்றதும் தீர்ந்துபோகும் பொருளில் பயன்பாட்டையும் உரிமையையும் எப்படிப் பிரிப்பது? இலையில் வைத்த சோற்றை ஒருவன் உண்டு முடித்துவிட்ட பிறகு, அது அவனுடையதாக ஒருபோதும் இல்லை என்று சொல்ல முடியுமா? மறு ஆண்டு, 1323-இல், கிறிஸ்துவுக்கும் திருத்தூதருக்கும் தனியாகவோ பொதுவாகவோ எந்த உடைமையும் இருந்ததில்லை என்று பிடிவாதமாகச் சொல்வது பேதகம் என்று அவர் அறிவித்தார். யூதாஸின் தோளில் தொங்கிய ஒரு பணப்பை யாருடையது என்ற கேள்வி இப்போது உயிரைப் பணயம் வைக்கும் கேள்வியாகிவிட்டது. 1328-இல் சபையின் தலைவரான செசேனாவின் மைக்கேலும், அதே சபையைச் சேர்ந்த தத்துவவாதி ஓக்கமின் வில்லியமும் இரவோடு இரவாக, போப் அப்போது இருந்த ஆவிஞோனிலிருந்து தப்பியோடினார்கள். போப்பை மறுத்து ஓக்கம் எழுதிய தொண்ணூறு நாள் நூல் உரிமை என்றால் என்ன, அனுமதி என்றால் என்ன, பயன்பாடு என்றால் என்ன என்று சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கிறது. மனித உரிமை என்ற கருத்தின் வேர்களைத் தேடும் வரலாற்றாசிரியர்கள் இந்தச் சச்சரவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். உம்பர்த்தோ எக்கோவின் புகழ்பெற்ற நாவலான ரோஜாவின் பெயர் 1327-இல் நடப்பதாக அமைந்திருப்பதும், அதில் துறவிகள் கூடி இந்தக் கேள்வியை விவாதிப்பதும் தற்செயலில்லை.

இந்தச் சண்டைக்கு நானூறு ஆண்டு முன்பே சீனத்தில் ஒரு துறவி வேறு விதமாகப் பதில் சொல்லியிருந்தார். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த சீச்சீ என்பவருக்கு ஊரார் வைத்த பெயர் பூதாய், அதாவது துணிப்பை. கிடைத்ததையெல்லாம் ஒரு பெரிய மூட்டையில் போட்டுக்கொண்டு திரிந்தவர். வரப்போகும் மைத்ரேய புத்தரின் அவதாரம் என்று பிறகு மக்கள் நம்பினார்கள். தமிழ்நாட்டுக் கடைகளின் கல்லாப்பெட்டி அருகே தொந்தியும் மூட்டையுமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் உருவம் இவருடையதுதான். ஜென் என்றால் என்ன என்று கேட்டபோது அவர் தோளிலிருந்த மூட்டையைப் பொத்தென்று கீழே போட்டாராம். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டார்கள். மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். விடுவதும் எடுப்பதும் ஒரே கைக்குச் சாத்தியம். கீழே போடத் தெரிந்தவன் மறுபடி சுமந்தாலும் அது அவனைப் பிடித்துக்கொள்வதில்லை. கடைக்காரருக்கு அந்த மூட்டை செல்வத்தின் அடையாளம். கதையைத் தெரிந்துகொண்டால் அது நேர் எதிரானது என்று தெரியும்.

தமிழ் மரபில் இந்தக் கேள்வி பட்டினத்தார் கதையில் கூர்மையாக வருகிறது. திருவிடைமருதூரில் கிழக்கு வாயிலில் பட்டினத்தாரும், மேற்கு வாயிலில் அரசைத் துறந்து அவருக்குச் சீடரான பத்திரகிரியாரும் இருக்கிறார்கள். பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், தம்மிடம் ஒன்றுமில்லை, மேலைவாயிலில் ஒரு குடும்பி இருக்கிறான், அங்கே போ என்கிறார். குடும்பம் என்று அவர் சொன்னது ஒரு திருவோட்டையும் கூடவே திரிந்த ஒரு நாயையும்தான். அதைக் கேட்ட பத்திரகிரியார் ஓட்டை வீசி எறிகிறார். அது நாயின் தலையில் பட்டு நாய் இறந்துபோகிறது. தியோஜெனிஸ் கோப்பையை எறிந்த கதையோடு இது ஒத்துப்போகிறது என்றாலும் இங்கே துறப்பதில் ஓர் உயிர் போகிறது. துறவின் வேகத்தில் அடிபடுகிறவை உண்டு என்பதைக் கதை மறைக்கவில்லை. அந்த நாயே காசி மன்னன் மகளாகப் பிறந்து வந்து முக்தி பெற்றதாகத் தொடர்ந்து சொல்லி அதை ஆற்றுப்படுத்துகிறது.

சைவ அடியார் தோளில் தொங்கிய பைக்குப் பொக்கணம் என்று பெயர். அதில் இருந்தது திருநீறு, எடுக்க எடுக்கப் பிறர் நெற்றிக்குப் போவது. ஆனால் அடியார் கையிலுள்ள எந்த மூட்டையையும் திறந்து பார்க்காமல் வணங்குவது என்ற பண்பே ஒருவருக்கு உயிராபத்தாகவும் முடிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன் சிவனடியார் வேடத்தில் வருகிறான். அவன் கையில் ஏட்டுக்கட்டு. உள்ளே படைக்கலம். ஆகமம் கேட்க அரசர் குனிந்து வணங்கும்போது அவன் கட்டைப் பிரிக்கிறான். உயிர் போகும் நேரத்திலும் அந்த வேடத்தை அவமதிக்க விடாமல் அவனைப் பத்திரமாக ஊர் எல்லைவரை கொண்டுவிடச் சொல்கிறார் நாயனார். இன்று கோயில் வாசல்களில் பைகளை வாங்கிச் சோதிக்கும் மேசைகள் வந்துவிட்டன. அவற்றைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் உள்ளே என்ன என்று கேளாமலே ஒருவரை ஏற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதை அந்தக் கதை அளந்து காட்டுகிறது.

துறவியின் ஜோலியும் தமிழ்நாட்டின் ஜோல்னாப் பையும் சொல்லால் உறவினர். எழுத்தாளர், இடதுசாரித் தோழர், நாடகக்காரர் என்று ஒரு தலைமுறையே அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தது. உள்ளே இரண்டு சிற்றிதழ், ஒரு துண்டு. பெட்டி வைத்துக்கொள்ளாதவன் என்பதை அறிவிக்கும் பை அது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் ஆண்களின் பைகள். பெண்ணின் பைக்கு வேறு வரலாறு, அதில் எழும் அறக்கேள்வியும் வேறு. லண்டன் கோர்ட்டோல்ட் காட்சியகத்தில், பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மோசூலில் பித்தளையில் செய்து பொன்னும் வெள்ளியும் இழைத்த ஒரு பை இருக்கிறது. இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கைப்பைகளில் ஒன்று என்று அதைக் கருதுகிறார்கள். அதன் மேல்மூடியில் ஒரு விருந்துக் காட்சி. கணவனுக்குச் சமமாக அமர்ந்திருக்கும் சீமாட்டிக்கு அருகே நிற்கும் பணியாள் இதே போன்றதொரு பையைத் தோளில் மாட்டியிருக்கிறான். ஐரோப்பாவில் அக்காலத்தில் ஆணும் பெண்ணும் இடுப்பில் பை தொங்கவிட்டார்கள். பிரெஞ்சில் அதன் பெயர் ஓமோனியேர், பிச்சை இடும் பை. வாசலில் நிற்கும் ஏழைக்குக் காசு எடுத்துக்கொடுக்கவே பை என்பது அந்தச் சொல்லின் நினைவு.

பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஆண்களின் உடையிலேயே சட்டைப்பை தைக்கப்பட்டது. பெண்களுக்கு அது இல்லை. பாவாடைக்கு அடியில் நாடா கட்டித் தொங்கவிட்ட துணிப்பைகள்தான், துணியில் விட்ட கிழிசல் வழியாகக் கைவிட்டு எடுக்கவேண்டும். 1790-களில் உடம்போடு ஒட்டிய மெல்லிய உடை வந்ததும் அதற்கும் இடமில்லாமல் போனது. கையில் பிடித்த சிறு ரெட்டிக்யூல் பிறந்தது. இன்றைய பெண்ணின் கைப்பை அதன் வாரிசு. உடையில் இல்லாத பை கைக்கு வந்தது.

அந்தப் பையில் இருந்த பணம் யாருடையது? இங்கிலாந்தில் 1882-இல் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் வரும்வரை பொதுச் சட்டத்தின் விடை தெளிவாக இருந்தது: கணவனுடையது. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட்டின் பணப்பையை வாட்டர்லூ ரயில் நிலையத்தில் ஒரு திருடன் அடித்துக்கொண்டான். பிடிபட்டதும் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. மில்லிசென்டிடமிருந்து திருடப்பட்ட, ஒரு பவுண்டு 18 ஷில்லிங் 6 பென்ஸ் கொண்ட பை, அவர் கணவர் ஹென்றி ஃபாசெட்டின் சொத்து என்றிருந்தது. தன்னையே திருடி என்று சொன்னது போல் இருந்ததாக அவர் பின்னால் எழுதினார். பிரான்சிஸ்கர்கள் நூறாண்டு வாதாடி அடையப் பார்த்த நிலை, உரிமையில்லாத பயன்பாடு, பெண்கள்மேல் கேளாமலே சுமத்தப்பட்டிருந்தது. துறவு என்பது தன்னிடம் இருப்பதை விடுவது. இருக்கவே அனுமதிக்கப்படாதவர் எதைத் துறப்பது? பற்றற்று இரு என்று பெண்ணுக்குப் போதித்த நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

இந்தியத் தருமநூல்கள் சீதனம் என்று பெண்ணுக்குரிய பொருளை வகுத்திருந்தன. அக்கினி முன் தந்தது, புகுந்த வீடு போகும்போது தந்தது, அன்பால் தந்தது, தாய், தந்தை, உடன்பிறந்தான் தந்தது என மனு ஆறாக எண்ணுகிறார். ஆனால் பெண் பெற்ற சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்று பொதுவாகச் சொல்லியது 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம். அதுவரை பல கிராமத்துப் பெண்களுக்குக் கேள்வியில்லாமல் சொந்தமாக இருந்தது இடுப்பில் செருகிய சுருக்குப் பை ஒன்றுதான். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, நாலாக மடித்த நோட்டு, பேரப்பிள்ளைக்கென்று வைத்த காசு. இரு பக்கக் கயிற்றையும் இழுத்தால் வாய் சுருங்கிக்கொள்ளும். வீட்டில் வேறு யாரும் அதைத் திறப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பனையோலையில் இழைத்த கொட்டப்பெட்டி இதே வேலையைச் செய்தது. சந்தியாகோ பயணியின் பைக்கு வாய் திறந்திருப்பது அறம் என்றால், இந்தப் பாட்டியின் பைக்கு வாய் இறுகியிருப்பதும் அறமே.

பையின் பொருளைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. தோலுக்கு ஓர் உயிர் போகிறது. சமணர் அதை விலக்குவதற்கு அது போதும். அதோடு, தோலைப் பதப்படுத்தும் கைகளைத் தீண்டத்தகாதவை என்று ஒதுக்கி, அந்தக் கைகள் தந்த பொருளை மட்டும் ஏற்றுக்கொண்ட சமூகத்தின் கேள்வியும் இருக்கிறது. பெரியபுராணத்தில் ஆதனூர்த் திருநாளைப்போவார் சிவன் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தவர். அவர் தந்த தோல் முழங்கிய கோயிலுக்குள் அவர் போக முடியவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடப்படும் தோல் இன்று உலகக் கடைகளுக்குப் போகிறது. பையின் விலை பேசப்படும் இடங்களில் இந்த ஊர்களின் பெயர் பேசப்படுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கைப்பை பல வடிவம் எடுத்தது. கையில் அமுக்கிப் பிடிக்கும் கிளட்ச், வாய் திறந்த டோட், குறுக்கே மாட்டும் ஸ்லிங், 1932-இல் ஐந்து ஷாம்பெயின் புட்டிகளைச் சுமக்க லூயி வித்தோன் செய்த நோயே, இரு கைகளையும் விடுவித்துத் தோளில் சங்கிலி மாட்டி ஷனேல் 1955-இல் கொண்டுவந்த பை. பிறை வடிவில் தொய்ந்து தொங்கும் ஒரு வகைக்கு ஹோபோ என்று பெயர். ஹோபோ என்றால் அமெரிக்காவில் வேலை தேடி ஊர் ஊராகத் திரிந்த வீடற்றவன். கோலில் கட்டிய மூட்டைதான் அவன் உடைமை. தியோஜெனிஸின் பேரா ஒரு வகையில் கடைவீதிக்கு வந்துவிட்டது.

1980-களின் தொடக்கத்தில் ஒரு விமானப் பயணத்தில் பாடகி ஜேன் பிர்கின் பக்கத்து இருக்கையிலிருந்த எர்மேஸ் நிறுவனத் தலைவரிடம், குழந்தையோடு இருப்பவளுக்கு ஏற்ற பை கிடைப்பதில்லை என்று சொன்னதிலிருந்து பிர்கின் பை உருவானது. அவருக்கென்று செய்த முதல் பையில் அவர் ஒட்டிய தொண்டு நிறுவன ஒட்டிகளின் தடமும், சங்கிலியில் தொங்கும் நகவெட்டியும் உண்டு. 1994-இல் எய்ட்ஸ் நிதிக்காக அதை அவர் கொடுத்துவிட்டார். 2015-இல், முதலைகள் கொல்லப்படும் முறை பற்றிய செய்தி வந்தபோது முதலைத்தோல் பையிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டார். நிறுவனம் தந்த விளக்கத்துக்குப் பின் சமாதானமானார். அவர் இறந்த பிறகு, 2025 ஜூலையில், அந்த முதல் பை பாரிஸ் ஏலத்தில் ஏறத்தாழ 86 லட்சம் யூரோவுக்குப் போனது. சுமப்பதற்காகச் செய்த பை இப்போது யாரும் சுமக்க முடியாததாகிவிட்டது. அதை வைத்துக் காப்பாற்றவே இன்னொரு பெட்டி வேண்டும்.

திறக்கவே கூடாத பைகளும் உண்டு. ஜப்பானியக் கோயில்களில் தரும் ஓமாமோரி என்ற பட்டுப்பைக்குள் மந்திரம் எழுதிய தாள் இருக்கும். பிரித்துப் பார்த்தால் காவல் போய்விடும் என்பது நம்பிக்கை. வட இந்தியாவின் கோமுகிப் பைக்குள் கைவிட்டு ஜபமாலை உருட்டுகிறவர் எத்தனை மணி உருட்டினார் என்பதைப் பிறர் பார்க்கக் கூடாது. தமிழ்த் தேவாலயங்களில் சுற்றிவரும் காணிக்கைப் பை ஆழமாக இருப்பதும் கொடுத்தது எவ்வளவு என்று பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாமலிருக்கத்தான். 

ஜப்பானில் பௌத்தத் துறவி கழுத்தில் மாட்டும் பைக்கு ஸுதாபுகுரோ என்று பெயர். தூத என்ற பழைய வடசொல், எளிய வாழ்வின் நோன்பைக் குறிப்பது, அதன் முதல் பாதியாக எஞ்சியிருக்கிறது. அங்கே பல பௌத்தப் பிரிவுகளில் இறந்தவர் கடைசிப் பயணத்துக்குத் துறவியாகவே அனுப்பப்படுகிறார். வெள்ளை உடை உடுத்தி, கழுத்தில் அந்தப் பையை மாட்டி, சன்ஸு ஆற்றைக் கடக்கும் கூலிக்கென்று உள்ளே ஆறு காசு வைப்பார்கள். உலோகக் காசு தகனத்துக்கு ஒத்துவராது என்பதால் இப்போது காசின் படத்தை ஒரு தாளில் அச்சடித்து, மடித்து, பைக்குள் வைத்து வாயை மூடுகிறார்கள்.